இடுப்பில் கத்தி: பிரித்தானியாவில் எது பலன் தருகிறது, எது தருவதில்லை

பதினைந்து வயதுப் பெடியன் ஒருவன் இடுப்பில் கத்தியைச் செருகிக்கொண்டு வெளியே போனால், பெரும்பாலும் யாரையும் குத்தும் திட்டத்தோடு போவதில்லை. தன்னை யாராவது குத்திவிடுவார்களோ என்ற பயத்தில்தான் போகிறான். வகுப்பில் இன்னொருவன் கத்தி வைத்திருக்கிறான் என்று கேள்விப்பட்டிருப்பான். பஸ்ஸில் ஒருமுறை போனைப் பறிகொடுத்திருப்பான். ஸ்நாப்சாட்டில் யாரோ அவன் பெயரைச் சொல்லி மிரட்டியிருப்பார்கள். போதைப்பொருள் கும்பலுக்காகக் கத்தி தூக்குபவர்களும், பெருமைக்காகத் தூக்குபவர்களும் உண்டுதான். ஆனால் பெரிய கூட்டம் பயந்த கூட்டம். ஆகவே ஒரு நடவடிக்கை நல்லதா கெட்டதா என்று பார்க்க எங்களிடம் இருப்பது ஒரே கேள்வி: இது அந்தப் பெடியனின் பயத்தைக் கூட்டுமா, குறைக்குமா?

சட்டத்தை முதலில் சொல்லிவிடலாம், பல வீடுகளில் இது தெரியாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொது இடத்தில் தகுந்த காரணமில்லாமல் கத்தி வைத்திருந்தால் அதிகபட்சம் 4 வருடச் சிறை. ஸ்கொட்லாந்தில் 5 வருடம். மடக்கக்கூடிய, பூட்டு இல்லாத, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மிகாத சிறு பேனாக்கத்திக்கு மட்டும் விலக்கு உண்டு. விரித்ததும் பூட்டிக்கொள்ளும் வகை சிறியதாக இருந்தாலும் விலக்கில் வராது. ‘என் பாதுகாப்புக்கு வைத்திருந்தேன்’ என்பது தகுந்த காரணமாக எடுபடாது. பிள்ளைகள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். அது நியாயமான பதில் என்று மனதார நம்பித்தான் பொலிஸிடம் சொல்கிறார்கள், அதுவே அவர்களுக்கு எதிரான ஒப்புதலாகப் பதிவாகிறது. வழக்குப் போடக்கூடிய வயது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10.

தடை செய்யப்பட்ட ஆயுதங்களின் பட்டியலும் நீண்டுகொண்டே போகிறது. ஸொம்பி பாணிக் கத்திகளும் (ரம்பப்பல், துளை, முள் போன்றவற்றோடு மிரட்டும் தோற்றத்தில் செய்யப்படும் நீண்ட கத்திகள்) அந்தப் பாணி மஷெட்டிகளும் (காட்டுக்கத்திகள்) 2024 செப்டம்பர் 24 முதல், நிஞ்சா வாள்கள் 2025 ஓகஸ்ட் 1 முதல் வீட்டுக்குள் வைத்திருந்தாலே குற்றம். செய்யவேண்டிய காரியம்தான். ஆனால் பெடியன்கள் தூக்கும் கத்திகளில் பல சமையலறை இழுப்பறையிலிருந்து போகின்றன. அதைத் தடை செய்ய முடியாது, முனையை மாற்றலாம். காய்கறி வெட்ட விளிம்பு போதும், கூர்முனைக்கு அநேகமாக வேலையே இல்லை. குத்தும்போதோ எல்லாமே முனையில்தான் இருக்கிறது. உடையையும் தோலையும் துளைக்கத்தான் விசை வேண்டும். தோல் விட்டுக்கொடுத்துவிட்டால் உள்ளே போக அதிக பலம் தேவையில்லை. ‘சும்மா பயமுறுத்தத்தான் நீட்டினேன்’ என்று சொல்பவனின் கத்தி நெஞ்சுவரை போய்விடுவது இதனால்தான். 2019இல் நொட்டிங்ஹம்ஷையர் பொலிஸ், வீட்டு வன்முறைக்கு ஆளானவர்களுக்கு மழுங்கிய முனைக் கத்திகளைக் கொடுத்துப் பார்த்தது. கேலி செய்தவர்களே அதிகம். எங்களுக்கு அதில் கேலிக்கு இடமிருப்பதாகத் தெரியவில்லை. உருண்டை முனைக் கத்திகள் கடைகளில் கிடைக்கின்றன, வளரும் பிள்ளைகள் உள்ள வீட்டில் பெரிய கூர்முனைக் கத்தியை மாற்றிவிடுவது எளிதான வேலை. ஒரு கத்தி குறைந்தால் உடனே கண்ணில் படும்படி எண்ணி ஒரே இடத்தில் வைப்பது அதைவிட எளிது.

இனி ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவுக்குப் போகலாம். எல்லோரும் அதை உதாரணம் காட்டுகிறார்கள், அங்கே உண்மையில் என்ன நடந்தது என்று சொல்பவர்கள் குறைவு.

2005இல், கிளாஸ்கோவைக் கவனித்துவந்த ஸ்ட்ராத்கிளைட் பொலிஸுக்குள் வன்முறைக் குறைப்புப் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. ஜோன் கார்னொக்கன் என்ற துப்பறியும் அதிகாரியும், காரின் மக்ளஸ்கி என்ற ஆய்வாளரும் அதன் தலையில் இருந்தார்கள். மக்ளஸ்கி முன்னர் தாதியாக வேலை செய்தவர். வன்முறையைத் தொற்றுநோய் போல அணுகவேண்டும், எங்கே பரவுகிறது, யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று பார்க்கவேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2002இல் வெளியிட்ட அறிக்கையிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்ட கருத்து. அடுத்த ஆண்டே அந்தப் பிரிவு ஸ்கொட்லாந்து முழுமைக்குமாக விரிந்தது.

அதிகம் பேசப்படும் பகுதி 2008இல் கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் தொடங்கிய திட்டம். 1996இல் அமெரிக்காவின் பொஸ்டனில் துப்பாக்கிக் கும்பல்களோடு நடத்திய முயற்சியைக் கத்திக்கு ஏற்றபடி மாற்றினார்கள். முதல் வேலை கணக்கெடுப்பு: எந்தத் தெருவில் எந்தக் குழு, யார் யார் உறுப்பினர், எந்தக் குழுவுக்கு எந்தக் குழுவோடு பகை. இந்தப் பட்டியல் பொலிஸ் கணினியில் முழுதாக இருக்காது. அந்தப் பகுதியைச் சுற்றும் கொன்ஸ்டபிள், யூத் வேர்க்கர், பாடசாலை, வீட்டுவசதி அலுவலகம் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் முழுமையாகும். அடுத்து, அந்தக் குழுக்களின் பெடியன்களை நகர நீதிமன்றத்துக்கு அழைத்தார்கள். கைது செய்து அல்ல, கடிதம் கொடுத்து, வீட்டுக்குப் போய்ப் பேசி. நீதிபதியே கூட்டத்தைத் தொடங்கிவைத்தார்.

அந்த அறையில் அவர்கள் கேட்டது மூன்று செய்திகள். பொலிஸ் சொன்னது: உங்கள் குழுக்கள் எல்லாம் எங்களுக்குத் தெரியும், இனி ஒருவன் குத்தினால் குழு முழுவதன் மீதும் எங்கள் கண் இருக்கும். மருத்துவரும், மகனுக்கு நேர்ந்ததைச் சொன்ன தாயும் பேசியது: முகம் கிழிந்தவனைத் தைப்பது எப்படி, அதற்குப் பிறகு அந்த வீடு எப்படி இருக்கிறது. மூன்றாவது, பழைய வாழ்க்கையை விட்டு வந்தவர்கள் சொன்னது: வெளியே வர வழி இருக்கிறது, இந்த எண்ணுக்கு அழை. வேலைப் பயிற்சி, படிப்பு, போதை சிகிச்சை, கோபத்தைக் கையாளும் பயிற்சி எல்லாம் அந்த எண்ணுக்குப் பின்னால் தயாராக இருந்தன.

பல நகரங்கள் இதைப் பிரதி எடுக்கப் பார்த்துத் தோற்பது அந்த மூன்றாவது செய்தியில்தான். முதல் செய்திக்குப் பொலிஸ் எப்போதும் தயார். இரண்டாவதற்கும் ஆட்கள் கிடைப்பார்கள். மூன்றாவதற்கு, அன்றிரவே யாராவது தொலைபேசியை எடுக்கவேண்டும், அடுத்த நாளே ஆள் நேரில் வரவேண்டும். காத்திருப்போர் பட்டியலில் பெயர் போட்டு ஆறு வாரம் கழித்துக் கடிதம் அனுப்பினால் அந்தப் பெடியன் போய்விட்டான். அதைவிட மோசம், ‘அவங்கள் சும்மா சொல்றாங்கள்’ என்று குழு முழுவதற்கும் சொல்லிவிடுவான். மிரட்டல் மட்டும் நிறைவேறி உதவி நிறைவேறாத கூட்டம், நடத்தாமல் விட்ட கூட்டத்தைவிடக் கெடுதல்.

பலன் என்ன? 2006 ஏப்ரலுக்கும் 2011 ஏப்ரலுக்கும் இடையில் ஸ்கொட்லாந்தில் கத்தி சம்பந்தப்பட்ட கொலைகளில் இறந்த சிறுவர், பதின்ம வயதினர் 40 பேர். அடுத்த 5 வருடங்களில் 8 பேர். இதை ஒரு திட்டத்தின் கணக்கில் மட்டும் எழுதுவது தவறு. தண்டனை கடுமையானது, பாடசாலைகளுக்குள் வேலை நடந்தது, மது பற்றிய கொள்கை மாறியது, இளையவர்கள் தெருவில் நிற்கும் நேரமே குறைந்தது. ஆனால் ஒரே பிரிவு, அரசியல் ஆதரவோடு, பத்து வருடத்துக்கு மேல் விடாமல் நின்றது என்பதைக் குறைத்து மதிக்கமுடியாது. ஒரு வருட நிதியில் ஓடும் திட்டத்தில், யூத் வேர்க்கர் பெடியனின் நம்பிக்கையைப் பெறும் மாதத்தில் அவருடைய ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது.

லண்டனில் கிளாஸ்கோவை அப்படியே இறக்கி வைக்கமுடியாது என்பதையும் சொல்லவேண்டும். கிளாஸ்கோவின் குழுக்கள் தலைமுறைகளாக ஒரே தெருக்களைச் சேர்ந்தவை, பட்டியல் போட்டால் பெரிதாக மாறாது. லண்டனில் குழுக்கள் சில மாதங்களில் உடைந்து சேருகின்றன, பகை, யார் எந்தப் பகுதி என்ற அஞ்சல் குறியீட்டில் மட்டுமல்ல, போனிலும் இருக்கிறது, போதைப்பொருள் பணம் உள்ளே ஓடுகிறது. பழைய பட்டியலை வைத்துக்கொண்டு வேலை செய்தால், எப்போதோ விலகிப்போனவனைத் தொடர்ந்து குற்றவாளியாக நடத்துவதுதான் மிச்சம்.

வேல்ஸின் தலைநகர் கார்டிஃபில் நடந்ததைத் தமிழில் அதிகம் யாரும் எழுதுவதில்லை, அதற்குத்தான் செலவு மிகக் குறைவு. ஜொனதன் ஷெப்பர்ட் என்ற முக அறுவை மருத்துவர் கவனித்தது இது: அடிபட்டு, வெட்டுப்பட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவர்களில் பலர் பொலிஸ் கணக்கிலேயே இல்லை. முறைப்பாடு செய்யவில்லை, பழிக்குப் பயம், அல்லது பொலிஸுக்கே பயம். ஆகவே வரவேற்பு மேசையில் பதிவு செய்பவர் நான்கைந்து விஷயங்களைக் கூடுதலாகக் கேட்கவேண்டும்: எந்த இடம், எந்த நாள், எத்தனை மணி, என்ன ஆயுதம், தாக்கியவர்கள் எத்தனை பேர். பெயரும் முகவரியும் நீக்கப்பட்ட பட்டியல் கவுன்சிலுக்கும் பொலிஸுக்கும் போகும். அதைப் பார்த்து ரோந்தை மாற்றுவார்கள், மதுக்கடைக்கு நிபந்தனை போடுவார்கள், பஸ் நிறுத்தத்தை நகர்த்துவார்கள். 2011இல் வெளியான ஆய்வு, ஒத்த நகரங்களோடு ஒப்பிடும்போது கார்டிஃபில் வன்முறைக் காயங்களுக்காக வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவோர் 42% குறைந்ததாகக் காட்டியது.

இது கெட்டுப்போகும் விதமும் எளிமையானதுதான். ‘இடம்’ என்ற கட்டத்தில் ‘பார்க்’ என்று எழுதினால் பயனில்லை. எந்தப் பார்க், எந்த வாசல், மைதானத்துக்கா பஸ் நிறுத்தத்துக்கா அருகில் என்று இருக்கவேண்டும். கணினியில் ‘தெரியாது’ என்ற தெரிவு பட்டியலின் மேலே இருந்தால், வரிசையில் இருபது பேர் நிற்கும் இரவில் அதைத்தான் அழுத்துவார்கள். மாதம் ஒருமுறை போகவேண்டிய பட்டியல் காலாண்டுக்கு ஒருமுறை போனால் அது வரலாறு. பதிவு செய்பவருக்கு ‘நீங்கள் எழுதியதால் இந்த வாசலில் விளக்குப் போட்டார்கள்’ என்று யாராவது திரும்பிப்போய்ச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் சில மாதங்களில் கட்டங்கள் வெறுமையாகிவிடும்.

அதே அவசர சிகிச்சைப் பிரிவில் இன்னொரு வேலையும் நடக்கிறது. கையில் தையலோடு படுத்திருக்கும் பெடியனின் கட்டிலருகே, பொலிஸ் அல்லாத, மருத்துவர் அல்லாத ஒருவர் போய் உட்காருவது. தெற்கு லண்டனின் கிங்ஸ் கொலிஜ் வைத்தியசாலையில் 2006 முதலும், கிளாஸ்கோ ரோயல் இன்ஃபர்மரியில் 2015 முதலும் இது நடந்துவந்திருக்கிறது. அந்த இரவில் அவன் காதுகொடுத்துக் கேட்பான், மறுவாரம் கேட்கமாட்டான். அவர் முதலில் கேட்கவேண்டியது ‘யார் செய்தது?’ அல்ல, ‘இங்கிருந்து போகும்போது எந்த வழியாகப் போவாய், அது பாதுகாப்பா?’ என்பது. குத்தியவன் அதே தெருவில் இருந்தால், குத்துப்பட்டவன் வீட்டுக்குப் போய் முதலில் எடுப்பது கத்திதான்.

நேரமும் இடமும். கிழக்கு லண்டனின் பெரிய காய சிகிச்சை மையத்தில் செய்யப்பட்டு 2018இல் வெளியான ஆய்வில், 16 வயதுக்கு உட்பட்டோருக்கான கத்திக்குத்துகள் பாடசாலை விட்ட பின் வரும் மாலை நேரத்தில், வீட்டுக்கும் பாடசாலைக்கும் அருகிலேயே கூடுதலாக நடந்திருந்தன. வயது கூடக் கூட நேரம் இரவுக்கு நகர்கிறது. அதனால் மாலை 5 மணிக்குக் கதவு திறக்கும் யூத் கிளப், சிறு பிள்ளைகளுக்கு ஆபத்தான நேரத்தைத் தவறவிடுகிறது. 3 மணிக்குத் திறக்கவேண்டும். அருகருகே உள்ள இரண்டு பாடசாலைகள் ஒரே நிமிடத்தில் பிள்ளைகளை வெளியே விட்டால், இரண்டு கூட்டங்களும் ஒரே பஸ் நிறுத்தத்தில் முட்டும். இருபது நிமிட இடைவெளி விட்டாலே பாதி வேலை முடிந்தது. நிறுத்தத்தில் நிற்கும் பெரியவர்கள் இரண்டு பேர் இரண்டு பேராக, ஒரே முகங்களாக, எல்லா நாளும் நிற்கவேண்டும். வாரம் ஒரு புதுமுகம் வந்தால் பிள்ளைகள் பேசமாட்டார்கள்.

பொலிஸ் ரோந்துக்கும் அளவு இருக்கிறது. 1990களில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் பார்த்தபோது, குற்றம் குவியும் இடத்தில் ஒரு அதிகாரி ஏறத்தாழ 11 முதல் 15 நிமிடம் இருந்துவிட்டுப் போவதில்தான் அதிகப் பலன் கிடைத்தது. வாகனத்தில் கடந்து போவதால் ஒன்றுமில்லை, மணிக்கணக்காக நிற்பதால் கூடுதலாக ஒன்றும் கிடைப்பதில்லை. இறங்கி, நடந்து, கடைக்காரரிடம் பேசி, சொல்லாத நேரத்தில் திரும்பி வரவேண்டும். ‘இங்கே துரத்தினால் அடுத்த தெருவுக்குப் போவார்கள்’ என்று வழக்கமாகச் சொல்வார்கள். ஆய்வுகள் பொதுவாக அதைக் காட்டவில்லை, அடுத்த தெருவுக்கும் கொஞ்சம் நன்மை கசிவதே அதிகம்.

நிறுத்திச் சோதிப்பதைப் பற்றி இரண்டு பக்கமும் கத்துகிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழக்கமான சோதனைக்கு அதிகாரியிடம் நியாயமான சந்தேகம் இருக்கவேண்டும். தன் பெயர், நிலையம், எந்தச் சட்டத்தின் கீழ், எதைத் தேடுகிறார், ஏன் உன்னை என்பதையெல்லாம் அவர் சொல்லவேண்டும். சோதனைப் பதிவின் பிரதியை 3 மாதத்துக்குள் கேட்டு வாங்கலாம். 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் 60ஆம் பிரிவு அறிவிக்கப்பட்ட பகுதியில் மட்டும், குறித்த மணிநேரத்துக்குள், சந்தேகம் இல்லாமலே சோதிக்கலாம். நல்ல தகவலோடு, மரியாதையோடு செய்யப்படும் சோதனை கத்தியை எடுக்கும், உயிரையும் காக்கும். எண்ணிக்கைக்காக வலைவீசுவதால் வன்முறை குறைவதற்கான சான்று பலவீனம். கறுப்பினப் பெடியன்கள் தங்கள் மக்கள்தொகைப் பங்கைவிடப் பலமடங்கு நிறுத்தப்படுகிறார்கள். காரணமின்றி மூன்றுமுறை சுவரோடு நிறுத்தப்பட்டவன், நாளை ஒருவன் மிரட்டும்போது பொலிஸை அழைக்கமாட்டான். பிறகு அவனுக்கு எஞ்சுவது எங்கள் பழைய கேள்வியின் மோசமான பதில்: பயம் கூடும்.

இதற்கு நடைமுறை மருந்து, ஊர் மக்கள் உட்கார்ந்து அதிகாரிகளின் உடல் கெமரா காட்சிகளைப் பார்க்கும் குழு. அது வேலை செய்ய மூன்று நிபந்தனைகள்: காட்சிகளைத் தெரிவு செய்வது பொலிஸாக இல்லாமல் குலுக்கலாக இருக்கவேண்டும், குழுவில் உண்மையில் நிறுத்தப்படும் வயதுடைய பிள்ளைகள் இருக்கவேண்டும், போன கூட்டத்தில் சுட்டிய தவறுக்கு என்ன செய்தார்கள் என்பதோடுதான் அடுத்த கூட்டம் தொடங்கவேண்டும். ஓய்வுபெற்ற பெரியவர்கள் மட்டும் தேநீரோடு பார்த்துத் தலையாட்டும் குழுக்கள் ஏராளம்.

பாடசாலைக் கூட்டத்தில் பறிமுதல் செய்த கத்திகளின் படங்களைத் திரையில் காட்டும் வழக்கத்தை நிறுத்தவேண்டும். முன்வரிசையில் இருப்பவன் பார்ப்பது ஆபத்தை அல்ல, ‘எல்லோரும் வைத்திருக்கிறாங்கள்’ என்பதை. சிறைக்கு அழைத்துப்போய்க் கைதிகளை விட்டு மிரட்டும் திட்டங்கள் பற்றி அமெரிக்காவில் கவனமாகச் செய்யப்பட்ட சோதனைகள் இருக்கின்றன: அப்படிப் போன பிள்ளைகள் போகாதவர்களைவிடக் கூடுதலாகக் குற்றம் செய்தார்கள். 2019இல் உள்துறை அமைச்சு பொரித்த கோழிப் பெட்டிகளில் கத்திக்கு எதிரான வாசகங்களை அச்சடித்து ஏச்சு வாங்கியதும் இந்த ரகம்தான். மாறாக, கோபம் ஏறும் கணத்தைப் பிடித்து நிறுத்தப் பழக்கும் உளவியல் பயிற்சியும், ஒரே ஆள் நீண்டகாலம் கூட இருக்கும் வழிகாட்டலும் பலன் காட்டுகின்றன. கத்தியோடு பிடிபட்ட பிள்ளையைப் பாடசாலையிலிருந்து நீக்குவதற்கு முன், பகல் 11 மணிக்கு அவன் எங்கே, யாரோடு இருப்பான் என்ற பதில் தலைமை ஆசிரியரிடம் இருக்கவேண்டும். கும்பல்கள் ஆள்பிடிக்கும் நேரம் அது.

2023 ஜனவரி 31 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொலிஸ், கவுன்சில், சுகாதார அமைப்புகள், தீயணைப்பு, நன்னடத்தைச் சேவை, இளங்குற்றவாளிகளைக் கவனிக்கும் குழு எல்லாம் சேர்ந்து வன்முறையைக் குறைக்கத் திட்டமிடுவது சட்டக் கடமை. உங்கள் பகுதித் திட்டம் எழுத்தில் இருக்கும், கேட்டு வாங்கிப் படியுங்கள். ‘விழிப்புணர்வு ஏற்படுத்துவோம்’ என்று மட்டும் இருந்தால் அது வெறும் காகிதம். எந்த ஐந்து இடம், எந்த மணி, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று இருந்தால் பேசலாம். கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப் பாடசாலைகளும் இந்த மேசைக்குக் கொண்டுபோகக்கூடியது, பொலிஸிடம் போகாத தகவல். லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் தமிழ்ப் பெடியன்கள் வாளும் கத்தியுமாக மோதிய காலத்தில், யாருக்கும் யாருக்கும் பகை என்று ஊருக்குத் தெரிந்திருந்தது, யாரிடம் சொல்வது என்றுதான் பலருக்குத் தெரியவில்லை. பெயர் சொல்லாமல் 0800 555 111 என்ற கிரைம்ஸ்டொப்பர்ஸ் தொண்டு அமைப்பின் எண்ணுக்குச் சொல்லலாம்.

பிள்ளையின் பையில் கத்தியைக் கண்டால்: முதலில் அடிக்காதீர்கள், ‘யாருக்குப் பயப்படுகிறாய்?’ என்று கேளுங்கள். அவன் கையில் கொடுத்து ‘போய் எறிந்துவிட்டு வா’ என்று அனுப்பாதீர்கள், தெருவில் இறங்கியதும் அவன் குற்றவாளி. குப்பைத்தொட்டியிலும் போடக்கூடாது, இன்னொரு பிள்ளை எடுப்பான். 101க்கு (அவசரமில்லாத விஷயங்களுக்கான பொலிஸ் எண்) அழைத்து, எந்த நிலையத்தில் அல்லது எந்தக் கத்திப் பெட்டியில் ஒப்படைக்கலாம் என்று கேளுங்கள். தடித்த அட்டையை இரண்டாக மடித்து, அலகை முழுதாக மூடி, நாடாவால் இறுக்கிச் சுற்றி, மூடிய பெட்டியில் வைத்து, பெரியவர் ஒருவர் நேராகக் கொண்டுபோகவேண்டும், வழியில் கடைக்குப் போகாமல். பிறகு அந்த மிரட்டலைக் கவனியுங்கள். அதைக் கவனிக்காவிட்டால் அடுத்த வாரம் இன்னொரு கத்தி வரும்.

யாராவது குத்துப்பட்டால் உடனே அவசர எண் 999. உள்ளே இருக்கும் கத்தியைப் பிடுங்கக்கூடாது, அதைச் சுற்றி இருபக்கமும் அமுக்கவேண்டும். கத்தி இல்லாத காயமென்றால் துணியை வைத்து முழு உடல் எடையோடு அமுக்கி, பார்ப்பதற்காகத் துணியைத் தூக்காமல் இருக்கவேண்டும். பெரிய இரத்தப்போக்கு சில நிமிடங்களில் கொல்லும், அம்புலன்ஸ் வரும்வரை நீங்கள்தான். பல ஊர்களில் ரயில் நிலையச் சுவரிலும் கடை வாசலிலும் இரத்தம் நிறுத்தும் பெட்டிகள் மாட்டப்பட்டிருக்கின்றன. பூட்டியிருக்கும் பெட்டியின் இலக்கத்தை 999இல் பேசுபவரே சொல்வார், அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வையுங்கள்.